ரைபோசோம் எதைப் படிக்கிறது, எதைப் படிப்பதில்லை

வணக்கம் ஐயா. நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். படிவம் 6-இல் உயிரியல் படிக்கும் உங்கள் மகளின் புத்தகத்தில் “ரைபோசோம் தூது ஆர்.என்.ஏ.வை மூன்று மூன்று எழுத்தாகப் படித்து, அதற்குரிய அமினோ அமிலத்தைச் சேர்த்துப் புரதம் கட்டுகிறது” என்று இருக்கிறது. அவள் அதை மனப்பாடமும் செய்துவிட்டாள். செய்துவிட்டு, “கண்ணும் மூளையும் இல்லாத ஒரு துகளுக்கு ஜி-சி-யு என்றால் அலனைன் என்று எப்படிப்பா தெரியும்? தப்பாகிவிட்டால் என்ன ஆகும்?” என்று உங்களிடம் கேட்டிருக்கிறாள். செம்பனை ஆலைக்கு லாரி ஓட்டும் உங்களுக்குப் பதில் தெரியவில்லை. டியூஷன் ஆசிரியரோ “அது அப்படித்தான், எழுதினால் மார்க் உண்டு” என்று சொல்லிவிட்டார். ஆக நீங்கள் கேட்பது புரதம் கட்டும் படிநிலைகளை இல்லை, அவை எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். இந்த மூன்றெழுத்துக்கு இந்த அமிலம் என்ற பொருத்தம் செல்லுக்குள் எந்த இடத்தில் இருக்கிறது, அதை யார் காப்பாற்றுகிறார்கள் என்பதுதான் கேள்வி. இவ்வளவு நேரான கேள்வியை என் வகுப்புகளில் வெகு சில பிள்ளைகளே கேட்டிருக்கிறார்கள்.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவன். அந்த வட்டாரத்துப் பள்ளிகளிலேயே 29 ஆண்டுகள் உயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றேன். ஆய்வுக்கூடத்தில் ரைபோசோமைப் பிரித்தெடுத்து வேலை செய்தவன் இல்லை, படித்தும் கற்பித்தும் தெரிந்துகொண்டவன். அதனால் உறுதியாக நிறுவப்பட்டதை உறுதியாகச் சொல்கிறேன், அறிஞர்களுக்குள்ளேயே இன்னும் முடியாத விஷயங்களை அப்படியே சொல்கிறேன்.

நேரடியான பதில் இது: ரைபோசோமுக்குத் தெரியாது. ஜி-சி-யு என்றால் அலனைன் என்பது ரைபோசோமில் எங்கேயும் எழுதப்படவில்லை. அந்த அறிவு இருப்பது வேறோர் இடத்தில், ரைபோசோமுக்கு வெளியே, சிந்தட்டேஸ் என்ற ஒரு நொதிக் குடும்பத்திடம். பாடப்புத்தகப் படங்களில் அந்த நொதிக்குப் பெரும்பாலும் ஒரு மூலைதான் கிடைக்கும், சில படங்களில் அதுவும் இருக்காது. நானும் முதல் சில ஆண்டுகள் அதை ஒரே வரியில் தாண்டிப்போய்த்தான் பாடம் நடத்தினேன். அப்போது என்னிடம் படித்த பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி எழுந்திருந்தால் அவர்களுக்கும் பதில் கிடைத்திருக்காது. அது இன்றும் எனக்கு வருத்தம்தான்.

எங்கள் லயத்து வீட்டில் அடுக்களைப் பலகை முழுக்க மைலோ டின்கள் இருக்கும். உப்பு, சீனி, கடுகு, மிளகாய்த்தூள், கசகசா எல்லாம் ஒரே பச்சை டின்களில்தான். வெளியே பார்த்தால் எது எது என்று தெரியாது. அதனால் அம்மா ஒவ்வொன்றின் மீதும் பள்ளி நோட்டிலிருந்து கிழித்த ஒரு துண்டுத்தாளைக் கஞ்சிப்பசையால் ஒட்டி, பேரை எழுதிவைப்பார். அம்மா வேலைக்குப் போன நேரத்தில் அக்காதான் சமைப்பாள். அக்கா தாளைப் பார்ப்பாள், டின்னை எடுப்பாள், கொட்டுவாள். உள்ளே இருப்பதை ருசி பார்த்ததே இல்லை. ஒருநாள் சீனி டின்னில் யாரோ உப்பைப் போட்டுவைத்திருந்தால் பாயசம் உப்புக் கரித்திருக்கும், அதில் அக்காவின் பிழை ஒன்றும் இல்லை. ரைபோசோம் என்பது அக்கா. டின் என்பது அமினோ அமிலத்தை ரைபோசோமிடம் சுமந்துவரும் கடத்து ஆர்.என்.ஏ. தாளில் இருக்கும் பேரையும் உள்ளே இருக்கும் பொருளையும் சேர்த்து அறிந்த ஒரே ஆள் அம்மாதான், சிந்தட்டேஸ் என்பது அவர்.

சரி, இப்போது உண்மையான பொருளுக்கு வருவோம். தூது ஆர்.என்.ஏ. என்பது மரபணுவின் செய்தியைச் சுமந்துவரும், ஏ, யு, ஜி, சி என்ற நான்கு எழுத்துகளால் ஆன ஒரு நீண்ட இழை. மூன்று எழுத்து சேர்ந்தால் ஒரு கோடான். நான்கு எழுத்தை மூன்று இடத்தில் வைத்தால் 64 கோடான்கள் வரும், அவற்றில் 61 அமினோ அமிலத்தைக் குறிக்கின்றன, மீதி 3 நிறுத்தக் குறிகள். ஆர்.என்.ஏ. எழுத்துகளுக்கும் அமினோ அமிலங்களுக்கும் வேதியியல் வடிவத்தில் நேரடி ஒட்டுறவு ஒன்றும் கண்ணுக்குத் தெரிவதில்லை. அலனைன் துண்டை எடுத்து ஜி-சி-யு மீது வைத்தால் பூட்டும் சாவியும் மாதிரி பொருந்திக்கொள்ளும் என்று நினைக்க இடமில்லை. இதைக் கவனித்த பிரான்சிஸ் கிரிக் (டி.என்.ஏ.வின் வடிவத்தைக் கண்டவர்களில் ஒருவர்) 1955-இல் தன் நண்பர்கள் வட்டத்துக்கு எழுதிய ஒரு குறிப்பில், நடுவில் ஒரு இணைப்பான் இருந்தாக வேண்டும், அதன் ஒரு பக்கம் எழுத்தோடு சேரும், மறுபக்கம் அமிலத்தைப் பிடித்திருக்கும், ஒவ்வொரு அமிலத்தையும் அதன் இணைப்பானில் மாட்டிவிடத் தனித்தனி நொதி இருக்கும் என்றார். அப்போது அப்படி ஒன்றை யாரும் பார்த்ததில்லை. ஓரிரு ஆண்டுகளில் பால் சமெக்னிக், மாலன் ஹோக்லண்ட் குழுவினர் அந்த இணைப்பானைக் கண்டுபிடித்தார்கள். அதைத்தான் இன்று கடத்து ஆர்.என்.ஏ. என்கிறோம்.

கடத்து ஆர்.என்.ஏ.வில் சுமார் 76 எழுத்துகள் இருக்கும். புத்தகத்தில் குளோவர் என்ற செடியின் மூவிலை போலத் தட்டையாக வரைந்திருப்பார்கள், உண்மையில் அது மடங்கி ஆங்கில எழுத்து ‘எல்’ போல நிற்கிறது. அதன் ஒரு முனையில் கோடானோடு ஜோடி சேரும் எதிர்கோடான் என்ற மூன்றெழுத்து, மறுமுனையில் சி-சி-ஏ என்று முடியும் ஒரு வால். அமினோ அமிலம் அந்த வாலில் மாட்டிக்கொள்ளும். இந்த இரண்டு முனைக்கும் இடையே ஏழரை நானோமீட்டர் தூரம். அணு அளவில் இது ரொம்பத் தூரம். ஒரு முனையில் இருக்கும் எழுத்துக்கு மறுமுனையில் என்ன தொங்குகிறது என்று தெரிய வழியே இல்லை. மகளிடம் இந்த ஒரு படத்தைத் தாளில் வரையச் சொல்லுங்கள், அவள் கேள்வி ஏன் சரியான கேள்வி என்பது அவளுக்கே தெரிந்துவிடும்.

இந்த வாலில் சரியான அமிலத்தை மாட்டுவதுதான் சிந்தட்டேஸின் வேலை. முழுப்பேர் அமினோ-அசைல் கடத்து ஆர்.என்.ஏ. சிந்தட்டேஸ். பொதுவாக ஓர் அமிலத்துக்கு ஒன்று, ஆக 20 அமிலத்துக்கு 20 நொதி என்ற கணக்கு. அலனைனுக்கான நொதியில் ஒரு குழி அலனைனைப் பிடிக்கும், அதே நொதியின் இன்னொரு பக்கம் அலனைனுக்குரிய கடத்து ஆர்.என்.ஏ.வைத் தடவிப் பார்த்து அடையாளம் காணும். இரண்டையும் ஒரே நேரத்தில் தொடுவது இது மட்டும்தான். இங்கே ஒரு விஷயம், நான் முதலில் படித்தபோது புத்தகத்தை மூடிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பல சிந்தட்டேஸ்கள் எதிர்கோடானைத் தடவித்தான் அடையாளம் காண்கின்றன, ஆனால் ஈ.கோலை பாக்டீரியாவின் அலனைன் சிந்தட்டேஸ் எதிர்கோடானைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அது பார்ப்பது வாலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரே ஒரு ஜோடியை, 3-ஆம் இடத்து ஜி-யும் 70-ஆம் இடத்து யு-வும் சேர்ந்த ஜோடியை. யா-மிங் ஹூ, பால் ஷிம்மல் இருவரும் 1988-இல் அந்த ஜோடியை எடுத்து வேறோர் அமிலத்துக்குரிய கடத்து ஆர்.என்.ஏ.வில் வைத்தார்கள். அதுவும் அலனைனை வாங்கிக்கொண்டது. எதிர்கோடான் பழையபடியே இருந்தது. அதாவது ரைபோசோம் பார்க்கும் அடையாளம் வேறு, சிந்தட்டேஸ் பார்க்கும் அடையாளம் வேறு. அம்மா டின்னின் அடியில் ஒரு சின்ன நசுங்கலை வைத்து அடையாளம் கண்டுகொள்கிறார், அக்கா தாளைப் படிக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இது வெறும் கதை இல்லை என்பதற்கு 1962-இல் நடந்த ஒரு சோதனை இருக்கிறது. சாப்வில், லிப்மன், பென்சர் முதலானோர் செய்தது. சிஸ்டீன் என்ற அமிலத்தில் ஒரு கந்தக அணு இருக்கும், அந்தக் கந்தகத்தைப் பிடுங்கிவிட்டால் மிஞ்சுவது அலனைன். அவர்கள் சிஸ்டீனை அதன் சொந்தக் கடத்து ஆர்.என்.ஏ.வில் முறையாக மாட்டவிட்டார்கள், மாட்டிய பிறகு ரேனி நிக்கல் என்ற வேதிப்பொருளால் கந்தகத்தைப் பிடுங்கினார்கள். இப்போது சிஸ்டீனின் டின், உள்ளே அலனைன். இதை ரைபோசோமிடம் கொடுத்து, யு-வும் ஜி-யும் மட்டும் கலந்த ஒரு செயற்கைச் செய்தியைப் படிக்கவைத்தார்கள். அந்தச் செய்தியில் சி என்ற எழுத்தே கிடையாது. அலனைனின் கோடான்கள் நான்குமே ஜி-சி என்று தொடங்குபவை, ஆக அலனைன் வரவே கூடாது. ஆனால் வந்தது, சிஸ்டீன் இருக்க வேண்டிய இடத்தில் அலனைன் உட்கார்ந்தது. ரைபோசோம் எந்த எதிர்ப்பும் காட்டவில்லை. உங்கள் மகளின் கேள்விக்கு இதைவிட நேரான பதில் கிடையாது. 29 ஆண்டுகளில் நான் கற்பித்த சோதனைகளில் எனக்கு மிகப் பிடித்ததும் இதுதான்.

அப்படியானால் ரைபோசோம் சும்மா இருக்கிறதா என்றால் இல்லை. அது பார்ப்பது கோடானும் எதிர்கோடானும் சரியாக ஜோடி சேர்ந்தனவா என்பதை மட்டும், ஆனால் அதை மிகக் கண்டிப்பாகப் பார்க்கிறது. ஆர்.என்.ஏ.வும் புரதமும் கலந்த இரண்டு துணையலகுகள் சேர்ந்ததுதான் ரைபோசோம். அதன் சிறிய துணையலகில் இருக்கும் மூன்று ஆர்.என்.ஏ. எழுத்துகள் வெளியே நீண்டு வந்து, சேர்ந்த ஜோடியின் வடிவத்தை விரல் விட்டுத் தடவுவது போலத் தடவிப் பார்க்கின்றன. முதல் இரண்டு ஜோடியில் கண்டிப்பு அதிகம், மூன்றாவதில் கொஞ்சம் தளர்வு. அதனால்தான் ஒரே கடத்து ஆர்.என்.ஏ. சில சமயம் இரண்டு மூன்று கோடான்களுக்குப் பொருந்துகிறது, 61 கோடானுக்கு 61 கடத்து ஆர்.என்.ஏ. தேவைப்படுவதில்லை. இந்தத் தளர்வை 1966-இலேயே கிரிக் ஊகித்தார். தடவிப் பார்க்கும் காட்சியை அணு அளவில் காட்டியது வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனின் குழு. அவர் 1952-இல் சிதம்பரத்தில் பிறந்தவர். ரைபோசோமின் வடிவத்தைக் கண்டதற்காக தாமஸ் ஸ்டைட்ஸ், அடா யோனத் ஆகியோருடன் 2009-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். எங்கள் பள்ளியில் அந்தச் செய்தியைப் படிவம் 6 வகுப்புக் கதவில் ஒட்டிவைத்தேன், ஆண்டு இறுதி வரை யாரும் அதைக் கிழிக்கவில்லை.

பொருத்தம் சரியென்று பட்டதும் கடத்து ஆர்.என்.ஏ.வைக் கூட்டிவந்த துணைப்புரதம் ஜி.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறு ஒன்றை உடைத்துவிட்டுக் கழன்றுகொள்ளும். அந்த இடைவெளியில் இன்னொரு முறை சோதனை நடக்கிறது, பொருந்தாதது அப்போதும் நழுவி விழலாம். ஒரே ஆளை வாசலில் ஒருமுறை, உள்ளே ஒருமுறை சோதிப்பது போல. அப்புறம் பிணைப்பு. இதில் பல படங்கள் தலைகீழாகச் சொல்லித்தருகின்றன: புது அமிலம் போய்ச் சங்கிலியின் நுனியில் ஒட்டிக்கொள்வதாக வரைகிறார்கள். நடப்பது வேறு. அதுவரை கட்டிய சங்கிலி முழுவதும் பழைய கடத்து ஆர்.என்.ஏ.விலிருந்து கழன்று, புதிதாக வந்த அமிலத்தின் மீது மாறி உட்காருகிறது. நூறு பெட்டி ரயில், முன்னால் வந்து நிற்கும் ஒரே பெட்டியோடு தன்னைக் கோத்துக்கொள்வது போல. பிறகு ரைபோசோம் சரியாக மூன்று எழுத்து நகர்கிறது, காலியான கடத்து ஆர்.என்.ஏ. வெளியேறுகிறது, அது திரும்பச் சிந்தட்டேஸிடம் போய் நிரப்பிக்கொள்ளும். பாக்டீரியாவில் வினாடிக்கு 15 முதல் 20 அமிலம் வரை சேரும், நம் செல்களில் சுமார் 5 என்ற அளவில். ஓர் அமிலம் சேர்க்க மாட்டுவதற்கு இரண்டு, ரைபோசோமில் இரண்டு என நான்கு உயர் ஆற்றல் பிணைப்புகள் செலவாகின்றன. செல்லின் செலவுக் கணக்கில் புரதம் கட்டுவது மிகப் பெரிய இனங்களில் ஒன்று.

இதை நம் ஊர் மரத்திலேயே பார்க்கலாம். என் அப்பா பால்மரம் சீவியவர். விடியும் முன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போவார். பள்ளி விடுமுறையில் நானும் வாளி தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பேன். பட்டையை ஒரு மயிரிழை சீவியதும் வெள்ளையாக முத்து முத்தாகக் கசிந்து, கோட்டில் இறங்கி, மங்கில் சொட்டும். அது மரத்தின் சாறு என்றுதான் அப்பா நினைத்தார், நானும் நினைத்தேன். கல்லூரியில்தான் தெரிந்தது: அந்தப் பால் என்பது பட்டைக்குள் குழாய் போல ஒன்றோடொன்று இணைந்த செல்களின் உள்ளடக்கமே. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு ரப்பர், கூடவே புரதங்கள், ரைபோசோம்கள்கூட உண்டு. செல்லின் உட்கரு மட்டும் பெரும்பாலும் சுவரை ஒட்டி உள்ளேயே தங்கிவிடும். ரப்பர் புரதம் இல்லை, அது ஐசோப்ரீன் சங்கிலி, ஆனால் அதைக் கட்டும் நொதிகள் புரதங்கள். சீவிய ஒவ்வொரு முறையும் மரம் தன் நொதிகளையும் ரைபோசோம்களையும் சேர்த்தே இழக்கிறது, தங்கிப்போன உட்கருவிலிருந்து கட்டளை எடுத்து மறுபடியும் கட்டிக்கொள்கிறது. ஒருநாள் விட்டோ இரண்டு நாள் விட்டோ சீவ வேண்டும் என்ற வழக்கத்துக்கு இது ஒரு காரணம். மகளோடு ஒரு மரத்தடியில் நின்று மங்கில் இருக்கும் பாலைக் காட்டி, இதில் ரைபோசோம் மிதக்கிறது என்று சொன்னால், அவளுக்குப் பாடம் மறக்காது.

அடுத்த பாதி: தப்பாகிவிட்டால்? தப்பு இரண்டு விதம், இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒன்று, எழுத்து சரியாக இருந்தும் கட்டும்போது நேரும் பிழை. ஐசோலியூசின், வேலின் என்ற இரண்டு அமிலங்களுக்கும் இடையே ஒரே ஒரு கார்பனும் இரண்டு ஹைட்ரஜனும்தான் வித்தியாசம். ஐசோலியூசினுக்கான குழியில் அதைவிடச் சின்னதான வேலின் தாராளமாக நுழைந்துவிடும். ஐந்து விழுக்காடு வரை பிழை வரலாம் என்று லைனஸ் பாலிங் 1950-களில் கணக்குப் போட்டார். அளந்து பார்த்தால் சுமார் 3000-இல் ஒன்றுதான். காரணம், அந்த நொதியில் இரண்டாவதாக ஒரு குழி இருக்கிறது. அது ஐசோலியூசினுக்குப் போதாத அளவு சிறியது, வேலின் மட்டும் நுழையும், நுழைந்தால் வெட்டி எறியப்படும். நெல் சலிக்க இரண்டு கண் சல்லடை வைப்பது போல: முதல் சல்லடை பெரியதைத் தடுக்கும், இரண்டாவது சின்னதைக் கழிக்கும். மொத்தத்தில் ஆயிரம் கோடானுக்கு ஒன்று முதல் பத்தாயிரத்துக்கு ஒன்று வரை பிழை என்று பொதுவாகச் சொல்வார்கள், உயிருக்கும் கோடானுக்கும் தக்கபடி மாறும். பத்தாயிரத்துக்கு ஒன்று என்று வைத்தால் 400 அமிலம் கொண்ட புரதங்களில் நூற்றுக்கு 96 பிழையின்றி வரும். நூற்றுக்கு ஒன்று என்று இருந்திருந்தால் நூற்றில் இரண்டுகூடத் தேறாது. கால்குலேட்டரில் மகளே போட்டுப் பார்க்கலாம். கட்டும்போது நேரும் பிழையால் கெட்டது ஒரு பிரதி மட்டுமே, அடுத்த பிரதி சரியாக வந்துவிடும், கெட்டதைச் செல் சிதைத்துவிடும்.

இரண்டாவது விதம் எழுத்திலேயே பிழை. அப்போது சிந்தட்டேஸும் ரைபோசோமும் தங்கள் வேலையைக் கச்சிதமாகச் செய்யும், கச்சிதமாகத் தவறான புரதமே வரும், ஒவ்வொரு பிரதியும் அப்படியே. நம் நாட்டில் படிவம் 4 பிள்ளைகளுக்குத் தலசீமியா என்ற பரம்பரை இரத்தச்சோகைக்காக இரத்தப் பரிசோதனை செய்கிறார்களே, அதோடு இதற்குத் தொடர்பு உண்டு. ஹீமோகுளோபின் என்ற இரத்தப் புரதம் ஆல்பா, பீட்டா என்ற இருவகைச் சங்கிலிகளால் ஆனது. தென்கிழக்காசியாவில் அதிகம் காணப்படும் ஹீமோகுளோபின் ஈ என்பது பீட்டா சங்கிலியின் 26-ஆம் கோடானில் ஜி-ஏ-ஜி என்பது ஏ-ஏ-ஜி ஆனதால் வருவது, குளூட்டமிக் அமிலத்தின் இடத்தில் லைசின். இன்னொன்று, இந்த வட்டாரத்திலேயே இருக்கும் ஹீமோகுளோபின் கான்ஸ்டன்ட் ஸ்பிரிங். ஆல்பா சங்கிலிக்கு 141 அமிலங்கள், அதன் முடிவில் யு-ஏ-ஏ என்ற நிறுத்தக் குறி. அதில் முதல் எழுத்து மாறி சி-ஏ-ஏ ஆகிவிட்டால் அது குளூட்டமின். நிறுத்தக் குறிக்குக் கடத்து ஆர்.என்.ஏ. கிடையாது, விடுவிப்புக் காரணி என்ற புரதம் வந்து உட்கார்ந்துதான் சங்கிலியை அறுத்துவிடும். இங்கே அது உட்கார இடமில்லை. ரைபோசோம் நிற்காமல் அடுத்த நிறுத்தம் வரும்வரை படித்துக்கொண்டே போய் 172 அமிலம் கட்டிவிடுகிறது. நிறுத்தக் குறி என்றால் என்ன என்று மாணவர்களுக்குப் புரியவைக்க இந்த 31 கூடுதல் அமிலங்களைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் ஒன்று: எல்லாத் தலசீமியாவும் இப்படி வருவதில்லை, ஆல்பா வகையில் பெரும்பாலும் மரபணுவே காணாமல் போயிருக்கும். பரிசோதனை முடிவு கையில் இருந்தால் அதை மருத்துவரிடம் காட்டித்தான் பொருள் கேட்க வேண்டும், என்னிடம் இல்லை.

ரைபோசோமை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதும் நம் தோட்டங்களோடு சேர்ந்த கதைதான். செம்பனைத் தோட்டத்துப் புல்லில் இருக்கும் நுண்ணிய உண்ணியின் குஞ்சுகள் கடித்து ‘ஸ்கிரப் டைபஸ்’ காய்ச்சல் வரும், அந்தக் காலத்தில் பலர் இறந்தார்கள். 1948-இல் ஜோசப் ஸ்மேடல் தலைமையிலான அமெரிக்கக் குழு கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் குளோராம்பெனிகால் என்ற புது மருந்தை இந்த நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. காய்ச்சல் இறங்கியது. டைபாய்டுக்கும் அது கேட்கிறது என்பதும் அதே ஆய்வின்போது தெரியவந்தது. அது எப்படி வேலை செய்கிறது என்று அன்று யாருக்கும் தெரியாது. ஜார்ஜ் பலாடி ரைபோசோமை மின்னணு நுண்ணோக்கியில் கண்டு எழுதியதே 1955-இல். இன்று தெரியும்: பாக்டீரியா ரைபோசோமின் பெரிய துணையலகில், சங்கிலி மாறி உட்காரும் அதே இடத்தில் போய் இந்த மருந்து அடைத்துக்கொள்கிறது. நம் ரைபோசோம் கொஞ்சம் வேறு வடிவம் என்பதால் தப்பிக்கிறது. ஆனால் நம் செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்டிரியாவுக்குள் இருக்கும் ரைபோசோம் பாக்டீரியாவுடையதை ஒத்தது. இந்த மருந்தை அதிக அளவில் எடுத்தால் எலும்பு மஜ்ஜை சோர்வதற்கு அதுதான் காரணம் என்று கருதுகிறார்கள். மிக அரிதாகச் சிலருக்கு மஜ்ஜை முழுவதுமாகப் படுத்துவிடுவதன் காரணம் இன்னும் தீர்ந்தபாடில்லை.

ரைபோசோம் அமிலத்தைப் பார்ப்பதே இல்லை என்று நான் சொன்னது 1962 சோதனை காட்டும் அளவுக்கு உறுதி, ஆனால் முழுக்கக் குருடு என்று சொன்னால் கொஞ்சம் மிகை. கடத்து ஆர்.என்.ஏ.வைக் கூட்டிவரும் துணைப்புரதம், தவறான அமிலம் மாட்டிய சிலவற்றை இறுக்கமாகவோ தளர்வாகவோ பிடிக்கிறது, அதனால் அவற்றில் சில சரியாகப் போய்ச் சேர்வதில்லை. அதேபோல் 20 நொதி என்ற கணக்கும் எல்லா உயிருக்கும் பொருந்தாது. பல பாக்டீரியாக்களில் குளூட்டமினுக்கு நேரடி நொதியே இல்லை. முதலில் அந்தக் கடத்து ஆர்.என்.ஏ.வில் குளூட்டமிக் அமிலத்தை மாட்டிவிட்டு, மாட்டியபடியே அதைக் குளூட்டமினாக மாற்றிக்கொள்கின்றன. யு-ஜி-ஏ நம் செல்களில் நிறுத்தக் குறி, நம் மைட்டோகாண்டிரியாவில் அதுவே டிரிப்டோபான். தேர்வுக்கு இவை வேண்டாம், ஆனால் மகள் கேட்டால் மறைக்கவும் வேண்டாம். விடைத்தாளில் “சிந்தட்டேஸ் நொதி உரிய அமினோ அமிலத்தை உரிய கடத்து ஆர்.என்.ஏ.வில் இணைக்கிறது, ரைபோசோமில் எதிர்கோடான் கோடானோடு ஜோடி சேர்கிறது” என்று வரிசையாக இரண்டு வாக்கியம் எழுதச் சொல்லுங்கள். இரண்டாவதை எல்லோரும் எழுதுவார்கள். முதலாவதை எழுதினால் அவள் விஷயம் புரிந்து எழுதியிருக்கிறாள் என்று திருத்துகிறவருக்குத் தெரியும்.

இதைப் படித்துக் காட்டினால் அவள் அடுத்துக் கேட்கப்போவது என்னவென்று எனக்குத் தெரியும்: சிந்தட்டேஸும் ஒரு புரதம்தானே, அதைக் கட்டவும் ரைபோசோமும் சிந்தட்டேஸும் வேண்டுமே, அப்படியானால் முதல் சிந்தட்டேஸை எது கட்டியது? இதற்கு முடிந்த பதில் யாரிடமும் இல்லை. உறுதியாகத் தெரிந்தது ஒன்று: 2000-இல் ரைபோசோமின் பெரிய துணையலகை அணு அணுவாகப் பார்த்தபோது, பிணைப்பு நடக்கும் இடத்தின் அருகில் புரதமே இல்லை, மிக அருகில் இருந்த புரதமும் 1.8 நானோமீட்டர் தள்ளித்தான் இருந்தது. சங்கிலியைக் கோப்பது ரைபோசோமின் ஆர்.என்.ஏ.தான். அமிலத்தைத் தன் வாலில் தானே மாட்டிக்கொள்ளும் சிறு ஆர்.என்.ஏ.க்களையும் ஆய்வுக்கூடத்தில் உருவாக்கியிருக்கிறார்கள். இவற்றை வைத்து, தொடக்கத்தில் அம்மாவின் வேலையையும் அக்காவின் வேலையையும் ஆர்.என்.ஏ.வே செய்தது, புரத நொதிகள் பிறகு வந்து பொறுப்பெடுத்துக்கொண்டன என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கும் அது நம்பத்தகுந்ததாகவே படுகிறது, ஆனாலும் அது ஊகம்தான். ஜி-சி-யு ஏன் அலனைனுக்குப் போனது, வேறொன்றுக்கு ஏன் போகவில்லை என்பதில் மூன்று நான்கு கருத்துகள் உண்டு. சில அமிலங்களுக்கும் எழுத்துகளுக்கும் ஆதியில் ஒட்டுறவு இருந்தது என்கிறார்கள் சிலர், தற்செயலாக நேர்ந்தது அப்படியே உறைந்துவிட்டது என்றார் கிரிக், பிழை நேர்ந்தாலும் சேதம் குறையும்படி இயற்கைத் தேர்வு அடுக்கியது என்கிறார்கள் வேறு சிலர். மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கலாம். மகள் மேலே படிக்கப் போகிறாள் என்றால் இந்தக் கேள்வியை எங்கேயாவது எழுதிவைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் ஐயா, அதன் விடைக்கான இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.